உளுத்த மரத்தில் ஒரு குடித்தனம்: பழந்தோப்பு வண்டு பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மார்ச்சில் எங்கள் காம்பவுண்டில் ஒரு மாமரத்தின் மேல் விசாரணை நடந்தது. பெங்களூர் அல்சூர் பக்கம் இன்னும் இடிபடாமல் மிச்சமிருக்கிற பழைய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஐந்து குடித்தனம், மூடி போட்ட ஒரு கிணறு, பின்பக்கம் அந்த மரம். அதன் அடிமரத்தில் ஆள் உயரத்தில் ஒரு பொந்து. அதிலிருந்து சில நாட்களாகக் காபித்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. கோடிவீட்டுத் தாத்தா துடைப்பக்குச்சியை விட்டுக் கிளறினார். சுண்டுவிரல் தடிமனில், சுருண்டு வளைந்த வெள்ளைப் புழு ஒன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது.

"வண்டு விழுந்துடுச்சு. இனி மரம் தேறாது, வெட்டிடலாம்" என்றார் தாத்தா.

"வெட்டவேணாம் தாத்தா. மண்ணெண்ணெய் ஊத்தி, பொந்தை சிமெண்ட் வெச்சுப் பூசிட்டா போதும்" என்றார் எதிர்வீட்டு அக்கா.

அக்காவின் மகன் பத்தாவது படிக்கிறான். மொபைலில் ஒரு படத்தைக் காட்டினான். மினுமினுவென்று பச்சை வண்டு. "பழைய பழத்தோட்டத்துல மட்டும்தான் இருக்குமாம் தாத்தா. ரொம்ப ரேர். தொட்டா கேஸ் ஆயிடும்."

வண்டு வந்தால் மரம் காலி. பொந்து என்பது அடைக்கவேண்டிய நோய். உள்ளே இருப்பது கிடைத்தற்கரிய வண்டு. பழைய மரங்களைப் பற்றி ஊரில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் இவ்வளவு காலம் ஓடுகின்றன. பையன் காட்டிய படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தில் இருந்த வண்டு

அதன் ஆங்கிலப் பெயர் நோபிள் சேஃபர். க்னோரிமஸ் நோபிலிஸ் என்பது அறிவியல் பெயர். உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758லேயே இதைப் பட்டியலில் ஏற்றிவிட்டார். நீளம் சுமார் 2 சென்டிமீட்டர். உலோகப் பச்சை நிறம், வெயில் விழும் கோணம் மாறினால் செம்பாகத் தெரியும், முதுகில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்கள் இதைப் பார்த்தால் உடனே உறவு கொண்டாடுவார்கள். உறவு கிடையாது. பொன்வண்டு வேறு குடும்பம். இது நம் சாணிவண்டும் காண்டாமிருக வண்டும் இருக்கிற பெரிய குடும்பத்தில், பூவண்டுகள் என்ற கிளையைச் சேர்ந்தது.

ஐரோப்பாவில் பல நாடுகளில் இது உண்டு. இங்கிலாந்தில் மட்டும் மிகவும் சுருங்கிப்போய், வூஸ்டர்ஷயர், க்ளாஸ்டர்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர் ஆகிய மாவட்டங்களின் பழைய தோப்புகளில்தான் முக்கியமாக மிஞ்சியிருக்கிறது. பிளம், ஆப்பிள், செர்ரி, பேரி மரங்கள் அதன் வீடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் நாட்களில் வெள்ளைப் பூங்கொத்துகளின் மேல் உட்கார்ந்திருக்கும்.

பெங்களூரில் இந்த வண்டு இல்லை. அப்படியானால் அதைப் பற்றி இங்கே எதற்கு? உளுத்த பழமரத்தை நம்பி வாழும் பூச்சிகளிலேயே நன்றாகக் கவனிக்கப்பட்ட சிலவற்றில் இது ஒன்று. மரப்பொந்துக்குள் நடக்கிற விஷயமோ வூஸ்டர்ஷயர் பிளம் மரத்திலும் அல்சூர் மாமரத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மரம் முழுக்க உயிரோடு இல்லை

எந்த ஆசாரியிடம் கேட்டாலும் ஒரு கட்டையில் இரண்டு பகுதி காட்டுவார். நடுவில் கறுத்து இறுகியது வைரம். அதைச் சுற்றி வெளுத்து மெத்தென்று இருப்பது வெளிறு. கதவுக்கும் கட்டிலுக்கும் வைரம் பாய்ந்த கட்டை வேண்டும் என்பார்; வெளிறைச் செதுக்கித் தள்ளிவிடுவார்.

மரத்தின் கணக்கு நேர்மாறு. அதற்கு முக்கியம் வெளிறுதான். வேர் உறிஞ்சுகிற தண்ணீர் மேலே போவது அந்த வழியாக. பட்டைக்கும் வெளிறுக்கும் நடுவே மெல்லிய ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. மரம் ஆண்டுதோறும் பருப்பது அதனால். வைரம் என்பது ஒருகாலத்தில் வெளிறாக இருந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பகுதி. அதில் உயிரணு எதுவும் மிச்சமில்லை. நம் நகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிகிற நகம் உயிரற்றது, வளர்வது அதற்கு அடியில். மரத்தில் அதைத் திருப்பிப்போட்ட அமைப்பு: வெளிப்புறம் உயிர், உட்புறம் உயிரற்ற கட்டை.

மாமரத்தில் வைரத்துக்கும் வெளிறுக்கும் நிற வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஆனாலும் வயதான மாமரத்தின் நடுக்கட்டையும் வேலையை விட்டு ஒதுங்கியதுதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். பழந்தமிழ் இலக்கணத்தில் அகக்காழ், புறக்காழ் என்று ஒரு பிரிவு உண்டு. காழ் என்றால் வைரம். உள்ளே வைரம் உடையது மரம். பனை, தென்னை மாதிரி வெளியே வைரம் உடையதை மரம் என்று சொல்லாமல் புல் என்றார்கள். இன்றைய தாவரவியலிலும் பனையும் தென்னையும் மாமரத்தைவிடப் புல்லுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்; தென்னை வண்டின் பேச்சு வரும்போது கைகொடுக்கும்.

ஆகவே, நடுக்கட்டை உளுத்துப் பொந்தாவதால் மட்டும் மரம் சாவதில்லை. ஏற்கெனவே உயிரற்ற பகுதிதான் போகிறது. தண்ணீர் ஏறும் வழி சுற்றிலும் அப்படியே இருக்கும்வரை மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். எங்கள் மரம் போன வருஷம் ஐந்து குடித்தனத்துக்கும் ஊறுகாய்க்குக் காய் கொடுத்தது, பொந்தோடுதான்.

உளுத்தல் எப்படி நடக்கிறது

எல்லாம் ஒரு காயத்தில் தொடங்கும். காற்றில் ஒடிந்த கிளை, கவாத்து செய்த வெட்டு, மரங்கொத்தி போட்ட துளை. பட்டை திறந்த இடத்தில் பூஞ்சை நுழைகிறது.

கட்டை எதனால் ஆனது? கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். கடலை தனியாக உதிரும்; வெல்லப்பாகு பிடித்துவைப்பதால்தான் கடிக்கப் பல் வலிக்கிறது. மரத்தில் கடலையின் இடத்தில் இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். பாகின் இடத்தில் லிக்னின் என்ற பிணைப்புப்பொருள். இந்தப் பிணைப்பைப் பிரித்துக் கரைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் குறைவு. பூஞ்சைக்குத் தெரியும். மழைக்காலத்தில் திறந்து வைத்த கடலைமிட்டாய் நமுத்துப்போவதுபோல, பூஞ்சை புகுந்த நடுக்கட்டை வருடக்கணக்கில் மெதுவாக நமுத்து, உதிர்ந்து, பொடியாகிறது. இந்தப் பொடியை இனி உளுத்தூள் என்றே சொல்கிறேன். பார்க்கக் காபித்தூள் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் மழை பெய்த காட்டின் வாசம் வரும்.

உளுத்தூள் வெறும் மரப்பொடி இல்லை. பூஞ்சை இழைகள், காற்றில் வந்து விழுந்த சருகு, கிளி விட்டுப்போன கூட்டுக்குப்பை, வௌவால் எச்சம், முந்தைய தலைமுறைப் புழுக்களின் கழிவு எல்லாம் கலந்திருக்கும். சுற்றிலும் கனமான மரச்சுவர் என்பதால் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரமும் சூடும் ரொம்ப மாறாது.

பெங்களூரில் இப்போது மாடிக்கு மாடி அடுக்குப்பானை வைத்துச் சமையலறைக் கழிவை மக்க வைக்கிறார்களே, அதேதான். மரம் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் உரப்பானை அது. நம் பானையில் வாழைப்பழத் தோல் இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். மரத்தின் பானை பல பத்தாண்டுகள் ஓடும்.

இந்தப் பானைக்குள்தான் நம் நோபிள் சேஃபர் வண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு உளுத்தூளைத் தின்கிறது. உளுத்தூளில் வயிறு நிறையும், சத்து குறைவு. உடல் வளர்க்கத் தேவையான நைட்ரஜன் அதில் கொஞ்சம்தான். கஞ்சித்தண்ணீர் மட்டும் குடித்து வளர்கிற பிள்ளை மாதிரி, புழு நிறையத் தின்று நிதானமாக வளர்கிறது. அதன் பெருங்குடல் மாட்டின் இரைப்பையைப் போல வேலை செய்கிறது: உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கவைத்து, புழுவால் செரிக்க முடிகிற பொருளாக மாற்றித் தருகின்றன. இப்படி ஏறத்தாழ 2 ஆண்டுகள். பிறகு உளுத்தூளையும் தன் கழிவையும் குழைத்து ஒரு கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகி, ஒரு கோடையில் பச்சை வண்டாக வெளியே வருகிறது. சில வாரம் பூவில் மகரந்தமும் தேனும் தின்று, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. ஊரார் படமெடுத்துக் கொண்டாடுகிற அந்தப் பச்சை மினுமினுப்பு, வாழ்நாளின் கடைசிச் சில வாரம் மட்டும்தான்.

செத்த கட்டையையோ உளுத்துக்கொண்டிருக்கும் கட்டையையோ ஏதாவது ஒரு வகையில் நம்பி வாழும் உயிர்களை மக்குமர உயிரிகள் என்று சொல்லலாம். பூஞ்சை, வண்டு, ஈ, பூரான், அவற்றைத் தின்ன வரும் பறவை என்று பெரிய கூட்டம் அது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். பழமரத்தின் நடுக்கட்டை உயிரற்றது. காயத்தின் வழியே புகுந்த பூஞ்சை அதை உளுத்தூளாக்குகிறது. நம் வண்டின் புழு அந்தத் தூளைத் தின்கிறது. உயிருள்ள வெளிறை அது தொடுவதில்லை, பழத்தையும் தொடுவதில்லை. மரம் உளுத்ததால் வண்டு வந்தது, வண்டு வந்ததால் மரம் உளுக்கவில்லை. தாத்தாவின் தீர்ப்பில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடந்தன.

பழத்தோப்பில் என்ன விசேஷம்?

உளுத்த மரம்தான் வேண்டும் என்றால் காட்டில் இல்லாததா? இருக்கும், ஆனால் காத்திருக்கவேண்டும். ஓக் மரத்தில் நல்ல பொந்து விழப் பெரும்பாலும் 200 ஆண்டு போல ஆகும். பிளம், ஆப்பிள் மரங்கள் சீக்கிரம் கிழடாகிவிடும். 50, 60 வயதிலேயே உள்ளே கூடாகத் தொடங்கும். மனிதர் ஆண்டுதோறும் கவாத்து செய்து பூஞ்சைக்கு வாசலும் திறந்துவைக்கிறார்கள். பழைய பாணித் தோப்பில் மரங்கள் நெருக்கமில்லாமல் தள்ளித்தள்ளி நிற்கும், அடியில் புல், புல்லை மேய ஆடு. அதனால் அடிமரத்தில் வெயில் விழுந்து உளுத்தூளுக்கு இதமான சூடு கிடைக்கும். வேலியோரத்தில் காட்டுப்பூக்கள், வெளியே வந்த வண்டுக்குச் சாப்பாடு. மருந்தடிப்பதும் குறைவு. பழத்துக்காகப் போட்ட தோப்பு, யாரும் திட்டமிடாமலேயே வண்டுக்கு வாகாக அமைந்துவிட்டது.

புதுப்பாணித் தோப்பு அப்படி இல்லை. குட்டையாக வளரும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி, வரிசையாக நெருக்கி நட்டு, விளைச்சல் குறைந்ததும் 15, 20 ஆண்டில் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவார்கள். பொந்து விழுகிற வயதை எந்த மரமும் தொடுவதே இல்லை. பழம் அதிகம், கிழட்டு மரம் பூஜ்யம்.

பழைய தோப்புகள் அங்கே எவ்வளவு போயின என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2022ல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பழைய வரைபடங்களை இன்றைய நிலத்தோடு ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900க்குப் பிறகு பழைய பாணித் தோப்புகளில் 81 சதவீதம் போய்விட்டதாக வெளியிட்டது. கப்பலில் வந்த மலிவான பழம், வீட்டுமனை, தீவிர விவசாயம் என்று காரணங்கள். அந்தப் பட்டியலை வாசித்தால் ஒசூர் ரோட்டுக் கதைபோலவே இருக்கும். பழைய பாணித் தோப்பையே பாதுகாக்கவேண்டிய வாழிடமாக அந்த நாடு பட்டியலில் சேர்த்தது 2007ல்தான்.

அரிது என்பதற்கு எத்தனை அர்த்தம்

"ரொம்ப ரேர்" என்று பையன் சொன்னானே, அந்தச் சொல்லை நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும். நம் பேச்சில் அது இரண்டு மூன்று விஷயங்களைக் குழப்பிவிடுகிறது.

ஒன்று, கண்ணில் படாதது. நம் வண்டு 2 ஆண்டு மரத்துக்குள், சில வாரம் வெளியே. ஒரு தோப்பில் நூறு இருந்தாலும் நடந்துபோகிறவர் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பலாம். இதனால் அங்கே கணக்கெடுப்பவர்கள் வண்டைத் தேடுவதைவிட அதன் புழுக்கையைத் தேடுகிறார்கள். மற்ற மரப்பூச்சிகளின் கழிவு பெரும்பாலும் மாவாகக் கொட்டும். இதனுடையது சற்றே தட்டையான நீள்வட்ட உருண்டைகளாக, கண்ணால் பிரித்தறிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கும். பொந்துக்குள் கைவிட்டு ஒரு பிடி உளுத்தூளை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பதுதான் முறை. அறிவியலில் பாதி இப்படிப் புழுக்கை பொறுக்குவதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இரண்டு, இடம் குறைவு. எண்ணிக்கை எப்படியோ, இருக்கக்கூடிய இடங்களே சில. மேலே சொன்ன மூன்று மாவட்டக் கதை இது.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து: ஓர் இடம் போனால் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாமை. இதை விளக்கப் பெங்களூர் வாடகைக்காரரைவிட நல்ல உதாரணம் இல்லை. பிள்ளைகளின் ஸ்கூல் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் அதே தெருவில், மிஞ்சினால் அடுத்த தெருவில்தான் வீடு பார்க்கும். ஒயிட்ஃபீல்டில் ஆயிரம் வீடு காலியாக இருந்தாலும் அவர்களுக்கு அது கணக்கில் வராது. பழைய வீடு இடிபடும்போது பக்கத்தில் வேறு வீடு காலியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தெருவில் நிற்கவேண்டியதுதான்.

மரப்பொந்து வண்டுகளும் அப்படித்தான். நோபிள் சேஃபரின் உறவினர் ஒன்று உண்டு, ஆஸ்மோடெர்மா எரிமிட்டா. எரிமிட்டா என்றால் துறவி. ஆண் துறவியின் உடம்பில் பீச் பழ வாசனை வீசும். பெண்ணை அழைக்க அந்த வாசனைதான். துறவிக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். ஸ்வீடனில் இந்த வண்டுகளின் போக்குவரத்தை ஆராய்ந்து 2001ல் வெளியிட்டார்கள். வளர்ந்த வண்டுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே பிறந்த மரத்தை விட்டு வேறு மரத்துக்குப் போயின. போனவையும் 200 மீட்டருக்குள். இறக்கை இருக்கிறது, பறக்கவும் தெரியும். இருந்தும் பெரும்பாலானவை தாத்தா பாட்டி வாழ்ந்த பொந்திலேயே பிறந்து அங்கேயே முடிகின்றன. தனி ஒரு பொந்து பல பத்தாண்டு நிலையாக இருக்கும்போது ஊர் சுற்ற வேண்டிய அவசியம் என்ன? அந்தப் புத்தி பழைய காட்டில் சரியாக வேலை செய்தது. மரம் துண்டுதுண்டாகப் போன உலகில் அதுவே வினையாகிறது.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான சொல் வருகிறது: பொந்துத் தொடர்ச்சி. இன்றைய பொந்து மரம் விழும்போது, வண்டு போய்ச்சேரும் தூரத்தில் இன்னொரு மரம் ஏற்கெனவே பொந்தாகியிருக்கவேண்டும். அதற்கு அடுத்தது பொந்தாகத் தொடங்கியிருக்கவேண்டும். அதற்கும் அடுத்தது இளமரமாக வளர்ந்துகொண்டிருக்கவேண்டும். ஒரே வீட்டில் கொள்ளுப்பாட்டி, பாட்டி, அம்மா, பேத்தி இருப்பதுபோல. நடுவில் ஒரு தலைமுறை மரம் இல்லாமல் போனால், 50 ஆண்டு இடைவெளி விழுந்துவிடும். புழுப்பருவத்தையும் சேர்த்தே இரண்டு ஆண்டு போல வாழும் பூச்சியால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

அதனால்தான் ஒரு கிழமரத்தை வெட்டிவிட்டு, "ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டாயிற்று" என்று போட்டோ எடுத்துக்கொள்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நிழலுக்கும் காற்றுக்கும் அந்தப் பத்தும் நாளை உதவலாம். பொந்தில் வாழ்ந்தவற்றுக்கு அந்தக் கன்றுகளால் இன்றைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை; 2080 வாக்கில் வந்து பார்க்கச் சொல்லலாம்.

துறவி வண்டு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் கடும் பாதுகாப்பு பெற்றது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ரயில் நிலையத்தைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் பெரும் திட்டத்தில், வெட்டவேண்டிய பூங்கா மரங்களில் இந்த வண்டு இருந்ததால் வேலை தடைபட்டது. "தொட்டா கேஸ்" என்ற பேச்சு பிறக்கிற இடம் இதுபோன்ற செய்திகள்தான். அது அந்த வண்டுக்கு, அந்த நாட்டில். ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2018ல் ஐரோப்பாவின் மக்குமர வண்டுகளில் சுமார் 700 இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் ஏறத்தாழ 18 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. கிழமரங்கள் குறைவதை அது முக்கியக் காரணமாகக் காட்டியது.

ஆக, அரிது என்பது ஒரு வண்டின் பிறவிக் குணம் இல்லை. கிழமரங்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் தொடர்ந்து இருந்தால் அது சாதாரண வண்டு; தொடர்ச்சி அறுந்தால் அரிய வண்டு.

பொந்து மரம் விழாதா?

இது நியாயமான பயம். ஏப்ரல், மே மாத மழையில் பெங்களூரில் மரம் விழுந்து கார் நசுங்குவது ஆண்டுதோறும் பார்க்கிற காட்சி. ஆனால் பொந்துதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. கொடிக்கம்பத்துக்கு ஏன் உருட்டுக்கம்பி போடாமல் குழாய் போடுகிறார்கள்? வளையும்போது பாரம் தாங்குவது பெரும்பாலும் வெளிவட்டம்தான். பொந்து விழுந்த மரமும் ஒரு குழாய். சுவர் போதிய கனமாக இருந்தால் நிற்கும். மர வல்லுநர்களிடம் ஒரு தோராயக் கணக்கு புழங்குகிறது: சுவரின் கனம், அடிமர ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். அது மட்டும் பார்த்தால் போதாது. பொந்தின் வாய் எவ்வளவு அகலம், மேலே பாரம் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். நம் தெருக்களில் வடிகாலுக்குத் தோண்டும்போது வேரை வெட்டுவதும், அடிமரம் வரை கான்கிரீட் போடுவதும் மரத்தைச் சாய்க்கிற வேலைகள். உள்ளே கெட்டியான மரமும் வேர் போனால் விழும்.

பொந்தைச் சிமெண்டால் பூசுவது பழைய வைத்தியம். பல ஊர்ப் பூங்காக்களில் ஒருகாலத்தில் செய்தார்கள், இப்போது வல்லுநர்கள் கைவிட்டுவிட்டார்கள். காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடைவெளி விட்டு அங்கே தண்ணீர் தேங்கி உளுத்தல் கூடும். மண்ணெண்ணெய், சுண்டெலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

நம் ஊரில் யார் யார்

எல்லா வண்டும் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. தமிழில் வேறு "வண்டு" என்ற சொல் தேனீ இனத்தையும் சேர்த்தே குறித்து வந்திருக்கிறது. பூவில் ரீங்காரம் இடுவதும் வண்டு, அரிசியில் ஓடுவதும் வண்டு, உத்தரத்தைத் துளைக்கும் கறுப்புத் தச்சுத்தேனீயும் வண்டு. ஒரே பெயருக்குக் கீழே இத்தனை பேர் இருந்தால் ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் உதை வாங்குவார்.

மாமரத்துக்கு உண்மையான எதிரி தண்டுத் துளைப்பான். நீண்ட உணர்கொம்புகளுடன் சாம்பல் நிற வண்டு. அதன் புழு உயிருள்ள கட்டைக்குள் சுரங்கம் போடுகிறது. அடையாளம்: புழுவுக்குக் காலே இருக்காது, நேராக நீண்டிருக்கும், துளை வாயில் மரத்தூளோடு பிசினும் வடியும், கிளை இலை உதிர்ந்து காயும். இது வந்தால் உடனே கவனிக்கவேண்டும்.

தென்னைக்கு எதிரி காண்டாமிருக வண்டு. வளர்ந்த வண்டு குருத்தைக் குடைகிறது. பிறகு விரியும் மட்டை கத்தரியால் விசிறி வெட்டு வெட்டியதுபோல இருக்கும். ஆனால் அதன் புழு எருக்குழியிலும் மக்கிய தென்னங்கட்டையிலும் வளர்கிறது. நம் விவசாயிகள் ஆமணக்குப் பிண்ணாக்கு ஊறவைத்த பானையைத் தோப்பில் புதைத்து இந்த வண்டைப் பிடிப்பார்கள். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து, அதுவும் உச்சியில். அது போனால் மரமே போயிற்று. அகக்காழ் மரத்துக்குப் பத்துக் கிளை, நூறு துளிர். தென்னந்தோப்பில் வண்டைக் கண்டால் பதறுவதில் பொருள் உண்டு. அந்தப் பதற்றத்தை ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து மாமரத்தின் மேல் இறக்குகிறோம்.

பிறகு பூவண்டுப் புழுக்கள். அடுக்குப்பானை உரத்தில் கொழுத்த வெள்ளைப் புழு பார்த்துப் பலர் அலறியிருப்பார்கள். அவற்றில் நிறைய இந்த வகை. ஆறு கால், உடம்பு வளைந்து சுருண்டிருக்கும். மரப்பொந்திலும் இவை வாழும். காண்டாமிருக வண்டின் புழுவும் சுருண்டுதான் இருக்கும், எப்படிப் பிரிப்பது? ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. சமதளத்தில் விட்டால் பூவண்டு வகைப் புழுக்களில் பல மல்லாந்து, கால்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, முதுகாலேயே ஊர்ந்து போகும். மற்றது ஒருக்களித்துச் சுருண்டு கிடக்கும்.

பழந்தோப்பு எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கிலாந்து போகவேண்டாம். ஏர்போர்ட் தாண்டி தேவனஹள்ளிப் பக்கம் நல்லூரில் ஒரு புளியந்தோப்பு இருக்கிறது. 54 ஏக்கர், ஏறத்தாழ 300 கிழட்டுப் புளியமரங்கள். இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2007ல் அறிவிக்கப்பட்டது இதுதான். சோழர் காலத்துத் தோப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். முறுக்கிப் பிளந்த அடிமரங்களுக்குள் எட்டிப் பாருங்கள். கைவிட்டுக் கிளறவேண்டாம், பாம்பும் அதே விளம்பரத்தைப் பார்த்துத்தான் குடிவந்திருக்கும். நகரத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் ஹைதர் அலி 1760ல் தொடங்கிய லால்பாக்.

எங்கள் மாமரத்தடியில் அன்று பேச்சு முடியவில்லை. தாத்தா புழுவைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துவைத்திருந்தார், சாட்சியாக. நான் பையனிடம் தினசரி ஒன்றை வாங்கிக் கிணற்று மூடியின் மேல் விரித்தேன். புழுவைக் கவிழ்த்தோம். கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. அப்புறம் ஒரு புரளல். ஆறு காலும் ஆகாயத்தைப் பார்க்க, முதுகை அலையலையாக நெளித்து, வரி விளம்பரங்களின் குறுக்கே நேர்க்கோட்டில் கிளம்பியது.

"அடப்பாவி, மல்லாந்துல்ல போவுது!" என்றார் அக்கா.

தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அது விளிம்புக்குப் போகும்வரை பார்த்தார். பிறகு தாளோடு தூக்கிக்கொண்டு போய்ப் பொந்துக்குள் சரித்துவிட்டு, உதிர்ந்து கிடந்த தூளையும் ஒரு கை அள்ளி உள்ளே போட்டார்.